‘அப்’ எங்கே நிற்கும், ‘ஆஃப்’ எங்கே போகும்? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை 40 கடிதங்களுக்கு மேல் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஆங்கில ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’ மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து வருவது) பற்றியவை. மீதியெல்லாம் அட்வெர்பை (வினையடையை) எங்கே வைப்பது என்ற குழப்பம். இரண்டும் ஒரே குடும்பத்துச் சங்கதி என்பதால் கலந்தே பதில் சொல்கிறேன்.

எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியில் ‘ப்ளீஸ் ஆஃப் த லைட்ஸ்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தவறு என்றால் செகரெட்டரி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். (ஜெயநகர்)

தவறுதான். தமிழில் ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்கிறோம். அங்கே வினையின் வேலையைப் ‘பண்ணு’ பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அதைக் கழற்றிவிட்டு ‘ஆஃப்’பை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் வாக்கியத்தில் வினையே இல்லாமல் போகும். டர்ன் வேண்டும், அல்லது ஸ்விட்ச் வேண்டும். ‘டர்ன் ஆஃப் த லைட்ஸ்’, ‘டர்ன் த லைட்ஸ் ஆஃப்’ இரண்டும் சரி. லைட்ஸுக்குப் பதில் ‘தெம்’ போட்டால் மட்டும் ஒரே வழிதான்: டர்ன் தெம் ஆஃப். ‘டர்ன் ஆஃப் தெம்’ கிடையாது. ப்ரோநௌன் (தெம், இட், ஹிம் மாதிரிப் பெயருக்குப் பதில் வரும் சொல்) வந்தால் நடுவில். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன்.

ப்ரோநௌன் நடுவில் என்கிறீர்கள். ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ மட்டும் எப்படிச் சரி? (கே.ஆர்.புரம்)

படித்துவிட்டு யோசித்துக் கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். இங்கே ‘ஆஃப்டர்’ ப்ரெபொசிஷன், அதாவது பெயருக்கு முன்னால் வரும் உருபு மாதிரி. தன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும், இடம் மாறாது. ‘லுக் அப்’பில் (அகராதியில் தேடு) வரும் ‘அப்’ அட்வெர்ப், அது நகரும். பெயர்ச்சொல்லைத் தாண்டிக் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள். ‘லுக் த வேர்ட் அப்’ நிற்கிறது. அப்படியானால் ‘லுக் இட் அப்’ என்றே சொல்ல வேண்டும். ‘லுக் த சைல்டு ஆஃப்டர்’ நிற்கவில்லை. ஆகவே ‘லுக் ஆஃப்டர் ஹிம்’. பிரிகிற வினை, பிரியாத வினை எதுவானாலும் இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும்.

தமிழ் அர்த்தத்தோடு 1000 ஃப்ரேசல் வெர்ப் உள்ள பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. தினமும் மனப்பாடம் செய்கிறேன். 200 தாண்டிவிட்டேன். பேசும்போது ஒன்றுகூட வாயில் வரவில்லை. (எலெக்ட்ரானிக் சிட்டி)

அந்தப் பிடிஎஃபை அழித்துவிடுங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். என் அல்சூர் வகுப்புக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் போனில் இப்படி ஒன்று இருக்கிறது. கிவ் அப் என்றால் கைவிடு, கிவ் இன் என்றால் பணிந்துபோ, கிவ் அவே என்றால் கொடுத்துவிடு என்று மளிகைச் சீட்டு மாதிரி வரிசை. ஆறு மாதம் அதை உருப்போட்டவர், பழைய துணிகளை யாருக்கோ கொடுத்ததைச் சொல்ல ‘ஐ கேவ் அப் த ஓல்டு க்ளோத்ஸ்’ என்கிறார். அவர் மேல் தவறில்லை. மூன்றும் சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மண்டைக்குள்ளும் ஒன்றோடொன்று கலந்துதான் போகும்.

வெளியிலிருந்து வந்து ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் கஷ்டம் என்பது பழைய செய்தி. சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் அகராதிக்கு எழுதிய முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல் சேர்ந்து பொருளை மாற்றிவிடும் இந்த வழக்கம்தான் அயலாருக்குப் பெரிய தொல்லை என்று சொல்லி, செட் ஆஃப், செட் இன், செட் அவுட் என்று உதாரணங்களையும் அடுக்கியிருக்கிறார். ஆனால் இந்தத் தொல்லைக்கு ஓர் எல்லை உண்டு. பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்று 10 கோடிச் சொற்கள் கொண்ட தொகுப்பு இருக்கிறது. அதை அலசி 2007-இல் வந்த ஓர் ஆய்வில், வெறும் 20 வினைகளும் 8 பார்ட்டிக்கிள்களும் (வினையோடு சேரும் அந்தச் சின்னச் சொற்கள்) ஒன்றோடொன்று சேர்ந்ததிலேயே ஃப்ரேசல் வெர்ப் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. கோ, கம், டேக், கெட், அப்புறம் அப், அவுட், டௌன், பேக். எல்லாம் எல்கேஜி சொற்கள். 1000 எதற்கு? ஒரு 100, 150 உருப்படியாகக் கைக்கு வந்தால் வீடும் ஆபீஸும் தாராளமாக ஓடும்.

இதைவிட முக்கியமான ஒன்று: தமிழ் பேசுகிறவருக்கு இது அந்நியமே இல்லை. வகுப்பில் ஒரு பிஎம்டிசி பஸ் டிக்கெட்டைக் கையில் எடுப்பேன். ஓரத்தில் லேசாகக் கிழித்துக் காட்டுவேன். ‘ஐ டோர் இட்.’ கிழித்தேன். பிறகு அதையே எட்டாக, பதினாறாகக் கிழித்து மேஜையில் போடுவேன். ‘ஐ டோர் இட் அப்.’ கிழித்துப் போட்டேன். நம் ‘போட்டேன்’ அங்கே என்ன செய்கிறதோ, அதைத்தான் அவர்களுடைய ‘அப்’ செய்கிறது: காரியம் முழுசாக முடிந்தது. ஈட் என்றால் சாப்பிடு, ஈட் அப் என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. ரைட் என்றால் எழுது, ரைட் டௌன் என்றால் எழுதி வைத்துக்கொள். போடு, விடு, கொள், வை என்று நம்மிடம் துணைவினைகள் இருக்கின்றன, அவர்களிடம் பார்ட்டிக்கிள்கள். ஒன்றுக்கு ஒன்று அச்சாகப் பொருந்தாது. கிவ் அப்பை இந்த வழியில் விளக்கினால் பாதி தூரம்கூடப் போக முடியாது. ஆனால் வினையோடு சேர்ந்தே பொருள் தருகிற வால் அது என்கிற உணர்வு வந்துவிடும். பட்டியலைப் படித்தால் அந்த உணர்வு வராது.

அதனால் சொல்லைத் தனியாக எடுக்காதீர்கள். முழு வாக்கியமாக, யார் யாரிடம் எப்போது சொன்னார்கள் என்பதோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

சார் ஃப்ரேசல் வெர்ப் எக்ஸ்ப்ளெய்ன் ப்ளீஸ். அர்ஜென்ட். (ஊர் எழுதவில்லை)

எந்த வினை, எங்கே படித்தீர்கள், எது புரியவில்லை என்று எழுதாமல் நான் எதை விளக்குவது? வாக்கியத்தை முழுதாக எழுதி அனுப்புங்கள். அரை வரிக் கேள்விக்கு இனிமேல் இங்கே இடம் ஒதுக்க மாட்டேன். நேரம் எடுத்து ஒழுங்காக எழுதுகிறவர்கள் காத்திருக்கிறார்கள்.

லாக் இன் என்பதை ஒரே சொல்லாக எழுதுவதா, பிரித்தா? (ஒயிட்ஃபீல்டு)

வினை என்றால் பிரித்து, பெயர் என்றால் சேர்த்து. சந்தேகம் வந்தால் இறந்தகாலம் ஆக்குங்கள். ‘லாக்டு இன்’ என்றுதான் வரும். கடைசியில் ‘டு’ ஒட்டிப் பார்த்தால் காதே ஒத்துக்கொள்ளாது. பேக் அப், செட் அப் எல்லாவற்றுக்கும் இதுவே. பேசும்போது வினையானால் அழுத்தம் ‘இன்’ மேல், பெயரானால் ‘லாக்’ மேல்.

ரெஸ்யூமேயில் ‘ஐ வொர்க் ஹார்ட்லி’ என்று எழுதியிருந்தேன். நண்பன் எடுக்கச் சொல்கிறான். (பிடிஎம் லேஅவுட்)

உடனே எடுங்கள். ‘வொர்க் ஹார்ட்’ கடுமையாக உழைப்பது. ‘ஹார்ட்லி வொர்க்’ என்றால் வேலையே செய்யாத குறை. லேட்லி என்றால் சமீப காலமாக, தாமதமாக இல்லை. ஃபாஸ்ட்லி என்று ஒரு சொல்லே கிடையாது.

‘ஐ லைக் வெரி மச் ஃபில்டர் காபி’ என்றால் என்ன குறை? அர்த்தம் புரிகிறதே. (மல்லேஸ்வரம்)

புரிந்தால் போதும் என்று இருந்திருந்தால் நீங்கள் எழுதிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் சாதாரணமாக அட்வெர்பை நுழைக்கக் கூடாது. ‘ஐ லைக் ஃபில்டர் காபி வெரி மச்’ அல்லது ‘ஐ ரியலி லைக் ஃபில்டர் காபி’. ‘ஷீ ஸ்பீக்ஸ் வெல் கன்னடா’ தவறு, ‘ஷீ ஸ்பீக்ஸ் கன்னடா வெல்’ சரி.

இன்னொன்று: எந்த வினையோடு எந்த அட்வெர்ப் என்பது பழக்கத்தில் வருவது. நேற்று மழை கொட்டியது என்றால் ‘இட் ரெயின்ட் ஹெவிலி’, ஸ்ட்ராங்லி இல்லை. ‘ஐ பேட்லி நீட் லீவ்’ என்பதில் பேட்லி என்றால் மோசமாக அல்ல, கட்டாயமாக. இதற்கும் பட்டியல் தேடாதீர்கள், வாக்கியத்தோடு எடுங்கள்.

டு-வுக்கும் வினைக்கும் நடுவில் அட்வெர்ப் வரக் கூடாது என்று டீம் லீட் என் மெயிலைத் திருத்துகிறார். (ஹெப்பால்)

19-ஆம் நூற்றாண்டில் கிளம்பிய தடை அது. ஹென்றி ஆல்ஃபர்டு என்ற பாதிரியார் 1864-இல் இப்படி நடுவில் நுழைப்பதை ஆட்சேபித்தார். ஆங்கில வழக்குக்கு அகராதி எழுதிய கறார் பேர்வழி ஃபௌலரே 1926-இல், இதைத் தவிர்க்கப் போய் வாக்கியத்தைச் செயற்கையாக்குவதைவிடப் பிரித்து எழுதுவதே மேல் என்று சொல்லிவிட்டார். ‘டு ஃபுல்லி அண்டர்ஸ்டாண்ட்’ நல்ல ஆங்கிலம். லீடிடம் சண்டை வேண்டாம். ஃபௌலர் பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

‘கோப் அப் வித்’ சரியா? (மர்ஃபி டவுன்)

கோப் வித். ‘அப்’ வேண்டாம். கேட்ச் அப், கீப் அப் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

‘சிம்ப்ளி கேம்’ என்று சொன்னேன். லண்டனிலிருந்து வந்த மேனேஜர் புரியாமல் பார்த்தார். (சிவாஜி நகர்)

நீங்கள் சொன்னது ‘சும்மா வந்தேன்’. இங்கே கன்னடத்திலும் ‘சும்னே’ இருப்பதால் பெங்களூரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லண்டன்காரருக்குச் சிம்ப்ளி என்றால் எளிமையாக, அல்லது வெறுமனே. காரியமில்லாமல் வந்ததைச் சொல்ல அது உதவாது. ‘ஐ ஜஸ்ட் ட்ராப்டு பை’ என்று சொல்லுங்கள். ட்ராப் பை, அதுவும் ஒரு ஃப்ரேசல் வெர்ப்தான். இன்றைய நோட்டுக்கு அதையே எழுதிக்கொள்ளலாம், முழு வாக்கியமாக.