கரைப் புதரை வழித்தால் ஊசித்தட்டான் எங்கே போகும்?

கேள்வி: எங்கள் நிலத்தை ஒட்டி ஓர் ஓடை இருக்கிறது. பாம்புக்குப் பயந்து போன வருடம் கரைப் புதர்களைப் பொக்லைன் வைத்து வழித்தெடுத்தோம். இப்போது பெரிய தட்டான்கள் நிறையப் பறக்கின்றன, ஆனால் நிழலில் திரிந்த ஊசித்தட்டான்களைக் காணவில்லை. ஒருவர் தண்ணீரில் வளரும் தட்டான் குஞ்சுகள் விற்கிறார். வாங்கி விடலாமா?

பதில்: வாங்காதீர்கள், ஒன்றுகூட வேண்டாம். ஏதோ ஒரு குட்டையில் அள்ளியதைத்தான் பெரும்பாலும் இப்படி விற்கிறார்கள். தேங்கிய நீரில் வளர்ந்தது ஓடும் நீரில் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஒரே பையில் அடைத்தால் பெரிய குஞ்சு சின்னதைத் தின்றுவிடும். கூடவே என்ன மீன்குஞ்சு, என்ன களை வருகிறதென்று விற்பவருக்கே தெரியாது. உங்கள் ஓடையில் குறைவது பூச்சி அல்ல, அது தங்க இடம்தான்.

தட்டான் கூடியதால் ஓடை நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வந்திருப்பவை வெயில் விரும்பிகள். அவற்றில் பல, வயிற்று நுனியால் தண்ணீரைத் தட்டித் தட்டியே முட்டையிடும். செடி இல்லாவிட்டாலும் அவற்றுக்குக் கவலையில்லை. ஊசித்தட்டான் தண்டையோ இலையையோ கீறி உள்ளே முட்டையைச் செருகுவது. தண்டு போனால் தொட்டிலே போயிற்று. அதன் உடம்பும் நூல் மாதிரி. நிழலோடையில் வாழ்கிறவை சுற்றியிருக்கும் காற்றின் சூட்டையே தங்கள் சூடாகக் கொள்பவை, திறந்த வெயிலைத் தாங்கமாட்டா. அப்புறம், குஞ்சு பல மாதம் தண்ணீருக்குள் வேர்களுக்கும் உதிர்ந்த இலைகளுக்கும் இடையே ஒளிந்து வளர்ந்து, கடைசியில் பெரும்பாலும் ஒரு தண்டைப் பற்றி மேலேறித்தான் தோலுரித்துச் சிறகு விரிக்கும். அந்தத் தண்டையும் வழித்துவிட்டீர்கள்.

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. கரையை மொட்டையடித்துக் கல் பதித்தால் அதற்குப் பெயர் மேம்பாடு, பணமும் வரும். நாணலும் கோரையும் நின்றால் பராமரிப்பு இல்லை என்று குறிப்பு எழுதுவார்கள். எத்தனை கன்று நட்டார்கள் என்று எண்ணுகிறவர்கள், நட்டது என்ன மரம் என்று கேட்பதே இல்லை. எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

ஏனென்றால் எந்த மரமும் நல்ல மரம் அல்ல. தென்னாப்பிரிக்க ஓடைக்கரைகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கருப்பு வாட்டில் மரம் அடர்ந்து தண்ணீரை இருட்டாக்கி, அந்த மண்ணுக்கே உரிய அரிய தட்டான்களை விரட்டியது. அந்த மரங்களை வெட்டி அகற்றிய இடங்களில் தட்டான்கள் திரும்பி வந்தன. அங்கே வெட்டியதுதான் சரி. ஆனால் உங்களிடம் கன்று விற்க வருபவர் இந்தக் கதையைச் சொல்லமாட்டார், சீக்கிரம் வளரும் என்றுதான் சொல்வார். சீக்கிரம் வளர்ந்து கரை முழுக்க ஒரே இருட்டாக்கும் அயல் மரம் வேண்டவே வேண்டாம். கரை வெட்டவெளியாகவும் இருக்கக்கூடாது, சுரங்கம் போலவும் இருக்கக்கூடாது. வெயிலும் நிழலும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்க வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நீர் விளிம்பில் சில அடி அகலத்துக்கு வெட்டாமல் விடுங்கள். நாணலும் கோரையும் தானாக முளைக்கும். முளைக்காவிட்டால் அதே ஓடையின் மேற்பகுதியிலிருந்து கொஞ்சம் கிழங்கு எடுத்து ஊன்றுங்கள். பாம்பு பயம் இருந்தால் வீட்டுப் பக்கம் நடைபாதையை மட்டும் வெட்டுங்கள். இரு கரையையும் ஒரே பருவத்தில் தொடாதீர்கள். மேலே நிழலுள்ள பகுதி தொடர்ச்சியாக இருந்தால் ஊசித்தட்டான் தானே இறங்கி வரும். நடுவில் நீண்ட வெட்டவெளி இருந்தால் வருடக்கணக்கில் ஆகலாம்.

பறப்பதை எண்ணாதீர்கள், அது எங்கிருந்தோ வந்ததாக இருக்கலாம். காலையில் நீரோரத் தண்டுகளில் ஒட்டியிருக்கும், குஞ்சு உரித்துவிட்டுப் போன காய்ந்த தோல்கூடுகளைத் தேடுங்கள். மெல்லிய கூடு ஒன்று கிடைத்தாலும், அது உங்கள் ஓடையிலேயே வளர்ந்த ஊசித்தட்டான்.