கிரேக்கக் கோயிலுக்குள் யார் இருந்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏதென்ஸில் அதீனா தேவிக்குக் கட்டிய பார்த்தெனான் அவ்வளவு பெரிய கோயில் ஆயிற்றே, உள்ளே ஒரே நேரத்தில் எத்தனை பேர் நின்று வழிபட்டிருப்பார்கள்?

பதில்: கூட்டம் உள்ளே போகவே இல்லை. கிரேக்கர்கள் கோயிலை ‘நாவோஸ்’ என்றார்கள். குடியிருக்கும் இடம் என்று பொருள். உள்ளே குடியிருந்தது தெய்வம், அதாவது அதன் சிலை. கூடவே காணிக்கைப் பொருட்கள். வழிபாடு முழுக்க வெளியே, வெட்டவெளியில், பலிபீடத்தின் முன்னால்தான் நடந்தது. சில கோயில்களில் தனியாக உள்ளே போய்ச் சிலையைப் பார்க்க விட்டார்கள். சிலவற்றில் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் கதவு திறக்கும்.

ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் குன்றில் நான் ஏறிய அன்று, எல்லோருடைய கேமராவும் பார்த்தெனானின் தூண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதற்கு வடகிழக்கே பாறை மேடாக எழும் பக்கத்தைத் தேடிப் போனேன். அதீனாவின் பெரிய பலிபீடம் அந்தப் பக்கம்தான் இருந்தது. இப்போது பாறையில் வெட்டிய சில தடங்களைத் தவிர ஒன்றும் இல்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அங்கிருந்து நகர மனசே வரவில்லை. அதீனாவுக்கு எடுத்த பனதீனையா விழாவில் ஊரே ஊர்வலமாக ஏறி வந்து சேர்ந்தது அந்தப் பாறைக்குத்தானே! தூண்கள் எல்லாம் அதற்குப் பின்னணி.

மாடுகளைப் பலியிட்டு, தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றி நெருப்பில் இடுவார்கள். மேலே போகும் புகை தெய்வத்தின் பங்கு. கறி மக்களுக்கு. தெய்வத்துக்கு வெறும் எலும்பா என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி அவர்களுக்கும் இருந்தது, அதற்குப் பழங்காலக் கவிஞர் ஹெஸியோட் ஒரு கதை சொல்கிறார். மனிதர்கள் பக்கம் நின்ற ப்ரொமிதியஸ் என்ற தேவன் ஒரு மாட்டை அறுத்து இரண்டு பங்கு வைத்தான். நல்ல கறியை மாட்டின் இரைப்பைக்குள் ஒளித்தான். எலும்புக் குவியலைப் பளபளக்கும் வெள்ளைக் கொழுப்பால் மூடினான். தெய்வங்களின் அரசர் ஸீயஸ் கொழுப்பு மூடிய பங்கை எடுத்தார். சூது அவருக்குத் தெரிந்தே இருந்தது என்றும் ஹெஸியோட் சொல்கிறார். அன்று பிரித்த பங்குதான் ஒவ்வொரு பலியிலும் தொடர்ந்தது. கோபத்தில் ஸீயஸ் மனிதர்களிடமிருந்து நெருப்பை மறைத்ததும், ப்ரொமிதியஸ் அதைத் திருடியதும் இதற்குப் பிறகு வரும் கதை.

மக்களை உள்ளே கூட்டிச் சடங்கு நடத்திய இடமும் ஒன்று உண்டு. ஏதென்ஸுக்குப் பக்கத்தில் எலூசிஸ். அங்கே டெலஸ்டீரியன் என்ற மண்டபத்தில் சுவரோரம் படிப்படியாக உட்காரும் இடம் செதுக்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடினார்கள். உள்ளே கண்டதை வெளியே சொன்னால் மரண தண்டனை.

கேள்வி: பார்த்தெனானுக்குள் இருந்த அதீனா சிலையில் இருந்தது உண்மையான தங்கமா, முலாமா?

பதில்: உண்மையான தங்கம். சிற்பி ஃபிடியாஸ் செய்த அந்தச் சிலை கி.மு. 438-இல் கோயிலுக்குள் நிறுவப்பட்டது. உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். உள்ளே மரச்சட்டம், முகமும் கைகளும் தந்தம், உடை முழுக்கத் தங்கத் தகடு. தங்கம் 40 தாலந்து எடை என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். ஒரு தாலந்து சுமார் 26 கிலோ. அப்படியானால் ஆயிரம் கிலோவுக்கும் மேல்!

என்னை அசத்தியது எடை அல்ல. அந்தத் தகடுகள் அத்தனையும் கழற்றக்கூடியவை. போர் முற்றினால் அதையும் கழற்றிச் செலவழிக்கலாம், ஆனால் எடுத்த அளவு குறையாமல் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் மக்களிடம் சொன்னார். ஊரின் அவசர இருப்பு அந்தத் தேவியின் உடையாகவே நின்றிருக்கிறது. மூலச் சிலை அழிந்துபோயிற்று. ரோமானியர் காலத்துப் பளிங்குப் பிரதி ஒன்று ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர்தான் இருக்கும். 12 மீட்டரை மனதில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்று பாருங்கள்.

கேள்வி: பூசாரிகளுக்கு என்ன சம்பளம்?

பதில்: அதே அக்ரோபொலிஸில் இருந்த அதீனா நைக்கி (வெற்றி தரும் அதீனா) கோயிலின் பெண் பூசாரிக்கு என்ன கிடைத்தது என்பது கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு 50 திராக்மா (அன்றைய வெள்ளிக் காசு), அப்புறம் ஊர்ப் பலிகளில் விலங்குகளின் காலும் தோலும். ஏதென்ஸ் குடிகளில் எந்தப் பெண்ணும் அந்தப் பதவிக்கு வரலாம் என்பதுதான் இதில் பெரிய செய்தி. சில பழைய பூசாரிப் பதவிகள் குறிப்பிட்ட குடும்பங்களிடம் மட்டுமே இருந்த ஊர் அது.

கேள்வி: ஹீரோக்கள் கடவுளா, மனிதரா? நல்லவர்களைத்தான் ஹீரோ ஆக்கினார்களா?

பதில்: ‘ஹீரோ’ என்பது கிரேக்கச் சொல்தான், ஆனால் இன்று நாம் அந்தச் சொல்லில் கேட்கும் பொருளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வழிபாட்டில் ஹீரோ என்றால் இறந்த பிறகும் வலிமை குறையாதவர். வாழ்ந்து, இறந்து, புதைக்கப்பட்டவர். புதைத்த மண்ணில் அவருடைய சக்தி இருக்கிறது, அதனால் எலும்பு முக்கியம். தேகேயா என்ற ஊரிடம் ஸ்பார்ட்டா தோற்றுக்கொண்டே இருந்தது. பழங்கதை வீரர் ஓரெஸ்டீஸின் எலும்பைக் கொண்டுவாருங்கள் என்றது, கிரேக்கர்கள் குறி கேட்கப் போகும் டெல்ஃபி. தேகேயாவில் ஒரு கொல்லர் கிணறு தோண்டியபோது ஏழு முழ நீளச் சவப்பெட்டி கிடைத்ததாம். அந்த எலும்பை ஸ்பார்ட்டாவுக்கு எடுத்து வந்த பிறகு வெற்றிதான் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். (ஸீயஸின் மகன் ஹெராக்ளீஸ் தனி. அவரைக் கடவுளாகவும் ஹீரோவாகவும் இரண்டு விதமாக வணங்கினார்கள்.)

நல்லவரா என்ற கேள்விக்குக் க்ளியோமெடீஸின் கதைதான் பதில். அஸ்திபலையா தீவைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரர். கி.மு. 492 ஒலிம்பிக்கில் எதிராளியைக் கொன்றுவிட்டார். நடுவர்கள் வெற்றியைப் பறித்தார்கள். துயரத்தில் புத்தி பேதலித்து ஊர் திரும்பியவர், ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையைத் தாங்கிய தூணைப் பிடுங்கிச் சாய்த்தார். உள்ளே அறுபது பிள்ளைகள். ஊர் கல்லெடுத்துத் துரத்தியது. அதீனா கோயிலுக்குள் ஓடி, ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பலகையை உடைத்துத் திறந்தால் உள்ளே ஆள் இல்லை, உடலும் இல்லை. டெல்ஃபியில் கேட்டார்கள். “அவர்தான் கடைசி ஹீரோ, இனி அவர் மனிதர் அல்ல, பலியிட்டு வணங்குங்கள்” என்று பதில் வந்தது. வணங்கினார்கள். பழங்காலப் பயண எழுத்தாளர் பௌசேனியாஸ் சொல்லும் இந்தக் கதையில் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாய் திறப்பதே இல்லை. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நான் அவர்களைத்தான் நினைக்கிறேன்.

பெண்களுக்கும் இந்த வழிபாடு உண்டு. ட்ராய் போருக்குக் காரணம் என்று எல்லோரும் பழிக்கும் ஹெலன், ஸ்பார்ட்டாவில் வணங்கப்பட்டவர். யூரோட்டஸ் ஆற்றுக்கு மேலே குன்றின்மேல் அவருக்கும் கணவர் மெனலாஸுக்கும் தலம் இருந்தது. அங்கே 1970-களில் நடந்த அகழாய்வில் வெண்கலத்தால் ஆன கறிக்கொக்கி ஒன்று கிடைத்தது. 2,500 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கொப்பரையிலிருந்து பலிக் கறியை எடுக்கும் வகைக் கொக்கி. அதில் ‘ஹெலனுக்கு’ என்று பொறித்திருக்கிறது.