இறந்த பிறகுதான் லிம்போமா எண்டு தெரிய வருமா?

"டெஸ்ட் எல்லாம் செய்தும் லிம்போமா தெரியாமல், ஆள் செத்த பிறகு கண்டுபிடிக்கிறது நடக்குமா" எண்டு கேட்டிருக்கிறீங்கள். நடக்கும். எங்கட சித்தப்பாவுக்கு நடந்தது.

துணுக்காய்ப் பக்கம் வயல் செய்தவர். பெரும்போக விதைப்பு நேரம் காய்ச்சல் தொடங்கினது, ரெண்டு மூண்டு நாள் காயும் விடும் திரும்ப வரும். வன்னியில வயலுக்க நிக்கிற ஆளுக்குக் காய்ச்சல் எண்டால் முதல் எலிக்காய்ச்சல், இல்லாட்டி டெங்கு, அதுகளைத்தான் பாத்தவை, ரெண்டும் இல்லை. பிறகு சயமோ எண்டு சளி சோதிச்சு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தது, அதிலயும் ஒண்டுமில்லை. அவையைப் பிழை சொல்லேலாது. லிம்போமா எண்டது நிணநீர் முடிச்சில, நாங்கள் நெறி எண்டு சொல்றமே அதில வாற புற்றுநோய், சாதாரண ரத்தச் சோதனையில காட்டாமலே இருக்கலாம். கழுத்தில, கமக்கட்டில, கவட்டில எண்டால் கைக்குத் தட்டுப்படும். வயித்துக்குள்ள முள்ளந்தண்டோட ஒட்டி வந்தால் ஆர் தடவிப் பாக்கிறது?

சித்தப்பாவுக்குக் கழுத்திலயும் ஒண்டு வந்ததுதான். நோகேல்ல, அதால ஒருத்தரும் கணக்கெடுக்கேல்ல (தொண்டை நோவுக்கு வாற நெறி பெரும்பாலும் நோகும், நோகாமல் வளருறதைத்தான் கட்டாயம் காட்டோணுமாம், இப்ப தெரியுது). இடையில உடம்பு கடி எண்டு ஒரு பிரைவேட் கிளினிக்கில பிரெட்னிசலோன் எண்ட ஸ்டீரொயிட் மருந்து குடுத்தினம், ஒரு கிழமையில கடியும் போச்சு நெறியும் வத்திப்போச்சு, எல்லாருக்கும் சந்தோசம். அந்த மருந்து லிம்போமாக் கலங்களைக் கொஞ்ச நாளைக்கு அடக்கிப்போடும், போட்ட பிறகு பயொப்சி (துண்டு எடுத்துச் சோதிக்கிறது) எடுத்தாலும் சரியாத் தெரியாமல் போகலாம் எண்டு பிறகு ஒரு டொக்டர் சொன்னவர்.

இரவில சாறம் பிழியிற அளவுக்கு வேர்க்கிறது சித்திக்குத் தெரியும். பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டது எனக்குத் தெரியும், ஆணி அடிச்சுக் குடுத்ததே நான்தான். சித்தப்பா டொக்டரிட்டச் சொன்னது காய்ச்சல் மட்டும். ஆறு மாசத்துக்குள்ள நிறையில பத்தில ஒரு பங்கு குறையிறது, இரவு வேர்வை, காரணம் பிடிபடாத காய்ச்சல், இதுகள் வந்தால் லிம்போமாவையும் யோசிப்பினமாம். எங்களிட்ட மூண்டும் இருந்தது, மூண்டு பேரிட்ட.

ஒருநாள் விடியப்புறம் கிணத்தடியில விழுந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போக முன்னமே முடிஞ்சுது. திடீர்ச் சாவு எண்டபடியால் மரண விசாரணை அதிகாரி வந்து போஸ்ட்மோட்டத்துக்கு அனுப்பினவர், வெட்ட வேண்டாமெண்டு சித்தி அவற்ற காலில விழாத குறை. நுரையீரலில ரத்தக்கட்டி அடைச்சதுதான் உடனடிக் காரணம், புற்றுநோய்க்காரருக்கு ரத்தம் லேசா உறையுமாம். ஆனா வயித்துக்குள்ள நெறியெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டியாக் கிடந்ததாம், மண்ணீரலும் வீங்கி. துண்டு எடுத்து அனுப்பி, லிம்போமா எண்டு ரிப்போட் வரேக்க அந்தியேட்டியும் முடிஞ்சுட்டுது.

உங்கட வீட்டில ஆருக்கும் இப்பிடி எண்டால் டொக்டரிட்டப் போகேக்க அவற்ற சாறம் தோய்க்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நெறி மூண்டு நாலு கிழமைக்கு மேல நிண்டால் பயொப்சி தேவையோ எண்டு நீங்களே கேளுங்கோ, ஊசியால உறிஞ்சிப் பாக்கிறது இதுக்குப் பெரும்பாலும் காணாது, ஏலுமெண்டால் நெறியை முழுசா எடுத்துப் பாக்கிறதுதான் நல்லம். தெல்லிப்பழையிலயே புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கு, மகரகம வரைக்கும் ஓடோணும் எண்டு பயந்து இருந்திடாதேங்கோ.