வயிற்றுக்குள் அபூர்வக் கட்டிகள்: கேள்வி-பதில்

கல்லீரல், பித்தக்குழாய், கணையம், இரைப்பை ஆகியவற்றில் அரிதாக வரும் கட்டிகள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்திருக்கிறேன். பலரும் கேட்பது, "வயிற்றைக் கிழிக்காமல் எடுக்க முடியுமா?" என்பதுதான். கட்டி எந்த வகை என்று தெரிந்த பிறகே அதற்குப் பதில் சொல்ல முடியும்.

நாங்கள் ஆடு வளர்க்கிறோம், வீட்டில் நாயும் உண்டு. அப்பாவுக்குக் கல்லீரலில் 9 செ.மீ. ஹைடாடிட் நீர்க்கட்டி என்கிறார்கள். ஊசியால் நீரை உறிஞ்சிவிட்டால் போதாதா?

எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவால் வருவது இது. புழு நாயின் குடலில் வாழும். முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குப் போகும். கழுவாத கை, கீரை, தண்ணீர் வழியாக நமக்குள்ளும் வந்துவிடும். ஆட்டுக்கறி சாப்பிட்டு மனிதருக்கு இந்தக் கட்டி வருவதில்லை.

கட்டிக்குள் இருப்பது வெறும் நீரல்ல, உயிருள்ள இளம்புழுக்களும் அதில் இருக்கும். ஒழுகினால் இரண்டு ஆபத்து. உடனடியாகக் கடுமையான ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் விழலாம். தப்பித்தாலும், சிந்திய இடத்திலெல்லாம் சில வருடங்களில் புதுக்கட்டிகள் முளைக்கலாம். அதனால், சாதாரண நீர்க்கட்டி என்று நினைத்து யாரும் இதில் ஊசி வைக்கக் கூடாது.

ஆனால் முறையாகச் செய்யும் ஊசி சிகிச்சை உண்டு. முன்கூட்டியே அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரையைத் தொடங்கி, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி கல்லீரல் திசு வழியாக ஊசியைச் செலுத்தி, நீரை எடுத்து, புழுவைக் கொல்லும் அடர் உப்புக்கரைசலை விட்டு, சிறிது நேரம் கழித்து அதையும் உறிஞ்சி எடுப்பார்கள். எடுத்த நீரில் பித்தம் கலந்திருந்தால் கரைசலை விடவே கூடாது, பித்தக்குழாய்கள் வெந்துவிடும். உள்ளே ஒரே அறையாக, தெளிந்த நீராக இருக்கும் கட்டிக்கே இந்த முறை பொருந்தும். உள்ளுக்குள் குட்டிக் கட்டிகள் நிறைந்திருந்தால் அறுவை சிகிச்சைதான் நல்லது. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியோ வயிற்றைத் திறந்து செய்யும் முறையோ, ஒரு சொட்டும் சிந்தாமல் எடுக்கும் அனுபவம் இருக்கிறதா என்று கேளுங்கள். மஞ்சள் காமாலை வந்தால் கட்டி பித்தக்குழாய்க்குள் திறந்திருக்கலாம். அப்போது வாய் வழியே கேமரா குழாயைச் செலுத்தும் எண்டோஸ்கோப்பி செய்து பித்தக்குழாயைச் சுத்தப்படுத்த வேண்டிவரும். முழுக்கச் சுண்ணாம்பு படிந்து, தொந்தரவும் இல்லாத கட்டியை ஸ்கேனில் கண்காணித்தாலே போதும்.

அப்புறம், நாய்க்குக் கால்நடை மருத்துவர் சொல்கிறபடி பூச்சி மருந்து கொடுங்கள். ஆடு அறுக்கும்போது ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள்.

மகளுக்கு 6 வயது. பித்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். இப்போது வலி இல்லை. தள்ளிப்போடலாமா? ஸ்டென்ட் வைத்தால் சரியாகாதா?

வலி நின்றது நல்ல விஷயம்தான். ஆனால் காரணம் அப்படியே இருக்கிறது. பிறவியிலேயே வரும் இந்த வீக்கம் ஆசிய நாடுகளில் அதிகம், அதிலும் பெண் குழந்தைகளுக்கு அதிகம். பலருக்குக் கணையக் குழாயும் பித்தக்குழாயும் சேரும் இடம் மாறியிருப்பதால், கணைய நீர் பித்தக்குழாய்க்குள் ஏறி அதன் சுவரை அரித்துக்கொண்டே இருக்கும். வயதாக ஆக அந்தச் சுவரில் புற்றுநோய் வரலாம்.

முன்பெல்லாம் வீக்கத்தை வெட்டி எடுக்காமல் குடலோடு இணைத்துவிடுவார்கள். விட்டுவைத்த அந்தப் பையிலேயே பின்னாளில் சிலருக்குப் புற்று வந்தது. அதனால் இப்போது வீங்கிய குழாயையும் பித்தப்பையையும் முழுதாக எடுத்துவிட்டு, கல்லீரலிலிருந்து வரும் குழாயைச் சிறுகுடலோடு தைக்கிறோம். கிருமித்தொற்று, காமாலை இருந்தால் அதைத் தணிக்க ஸ்டென்ட் (பித்தம் வடிய உள்ளே வைக்கும் சிறு குழல்) தற்காலிகமாக உதவும், அவ்வளவுதான். வீக்கம் குழாயின் கடைசி முனையில், சிறுகுடல் சுவருக்குள் மட்டும் இருக்கும் ஓர் அபூர்வ வகையில்தான் எண்டோஸ்கோப்பியே பெரும்பாலும் போதுமானதாகிறது. தள்ளிப்போடாதீர்கள் அம்மா. ஆபரேஷனுக்குப் பிறகும் ஆண்டுதோறும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தொடரட்டும்.

கணைய அழற்சிக்குப் பின் வந்த நீர்க்கட்டிக்கு, இரைப்பை வழியாக உலோக ஸ்டென்ட் வைத்தார்கள். 4 மாதமாக நன்றாக இருக்கிறேன். திரும்பப் போகவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், இந்த வாரமே போங்கள். அந்த ஸ்டென்ட் நிரந்தரமாக வைப்பதல்ல. கட்டி வற்றிவிட்டதா என்று ஸ்கேனில் பார்த்து, பொதுவாக 3, 4 வாரங்களில் எடுத்துவிட வேண்டியது. கட்டி சுருங்கிய பிறகு உலோக முனை பக்கத்து ரத்தக்குழாயில் உரசிப் பெரிய ரத்தப்போக்கை உண்டாக்கலாம். சதைக்குள் புதைந்தும் போகலாம். கறுப்பாக மலம் போனாலோ ரத்த வாந்தி வந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மது காரணமாக இருந்தால், ஒரு சொட்டும் வேண்டாம்.

எண்டோஸ்கோப்பியில் இரைப்பைச் சுவருக்குள் 1.5 செ.மீ. கட்டி தெரிந்தது. பயாப்ஸி 'நார்மல்'. நிம்மதியாக இருக்கலாமா?

சாதாரண பயாப்ஸி மேல்தோலை மட்டுமே கிள்ளி எடுக்கும், கட்டி அதற்கும் கீழே இருக்கிறது. எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் உள்ள கருவியால் பார்த்தால், எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியும். தசை அடுக்கிலிருந்து வரும், சில சமயம் புற்றாக மாறக்கூடிய ஜிஸ்ட் (GIST) வகையாக இருந்தாலும், 2 செ.மீ.க்குக் கீழே, ஓரம் ஒழுங்காக இருந்தால் பலருக்குக் கண்காணிப்பு போதும். வளர்ந்தாலோ ரத்தம் கசிந்தாலோ உடையாமல் முழுதாக எடுக்க வேண்டும்.

தங்கைக்கு 22 வயது. கணைய வால் பகுதியில் 8 செ.மீ. கட்டி. கணையப் புற்று என்றால் பிழைப்பது கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பயமுறுத்துகிறவர்கள் சொல்வது வேறு நோய். இளம்பெண்களுக்கு, பாதி திடமாகவும் பாதி நீராகவும் வரும் கணையக் கட்டி ஒன்று உண்டு. 1959-இல் ஃப்ரான்ட்ஸ் என்ற மருத்துவர் விவரித்ததால் அவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. பெரிதாக வளரும், ஆனால் மெதுவாக. முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். தங்கையின் ஸ்கேன் அறிக்கையில் அந்தச் சந்தேகம் எழுதியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வால் பகுதி என்பதால் லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். கட்டி கிழிந்து சிந்தக் கூடாது என்பதே முக்கியம். மண்ணீரலைக் காப்பாற்ற முடியுமா என்றும் முன்கூட்டியே பேசுங்கள். எடுக்க வேண்டியிருக்கலாம் என்றால், மண்ணீரல் இல்லாதவரைச் சில கிருமிகள் கடுமையாகத் தாக்கலாம் என்பதால், நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ் உள்ளிட்ட அந்தக் கிருமிகளுக்கான தடுப்பூசிகளை ஆபரேஷனுக்கு 2 வாரம் முன்பே போட்டுவிட வேண்டும்.