லிவர்பூலில் ஜான் லெனன் வீட்டைப் பார்க்க எந்த டூரில் போவது?

கேள்வி: நான் மார்த்தாண்டம் பக்கம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மகள் லிவர்பூலில் நர்ஸ். மே மாதம் நானும் கணவரும் அவளிடம் போகிறோம். அவர் காலேஜ் காலத்திலிருந்தே பீட்டில்ஸ் என்ற அந்த ஊர் நால்வர் குழுவின் பாட்டு கேட்பவர், அதிலும் அந்தக் குழுவின் ஜான் லெனன் என்றால் அவருக்கு உயிர். அங்கே லெனன் வாழ்ந்த இடங்களைச் சுற்றிக்காட்ட பெரிய பஸ், டாக்சி, சின்னக் குழு என்று பல டூர் இருக்கிறதாம். இவருக்கு மூட்டுவலி. எனக்கு அந்த ஊர் இங்கிலீஷ் புரியுமா என்று பயம். எதில் போகலாம்? போதாததற்கு, சபையில் ஒருவர் "இயேசுவைப் பற்றி அப்படிப் பேசினவன் வீட்டையா காசு கொடுத்துப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். அதுவும் மனதை உறுத்துகிறது.

பதில்:

டீச்சர், நேராகவே சொல்லிவிடுகிறேன். சின்னக் குழுவாக மினிபஸ்ஸில் கூட்டிப்போய் வீட்டுக்குள்ளேயே நுழையவிடும் நேஷனல் டிரஸ்ட் (பழைய வீடுகளைப் பாதுகாக்கிற அமைப்பு) டூரை முதலில் பதிவு செய்யுங்கள். மற்ற எதுவாக இருந்தாலும் அதற்குப் பிறகு, நேரமும் உடம்பும் ஒத்துழைத்தால் பார்த்துக்கொள்ளலாம். நாகர்கோவிலில் டிராவல்ஸ் நடத்துகிறேன், இங்கிலாந்தில் பிள்ளைகள் இருக்கிற அப்பா அம்மாக்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள், நானும் அந்த ஊரில் சுற்றியிருக்கிறேன். அதனால் யோசித்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு பாடகரின் வாழ்க்கையைக் காட்டுகிற டூர் என்றால் பெரும்பாலும் என்ன நடக்கும் தெரியுமா? ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி "இங்கேதான் பிறந்தார்" என்பார்கள், இன்னொரு கேட்டுக்கு முன்னால் "இங்கேதான் படித்தார்" என்பார்கள், நாமும் சுவரையும் கதவையும் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புவோம். வெளியே நின்று பார்த்தால் எல்லா வீடும் செங்கல் வீடுதான். நாம் காசு கொடுப்பது அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற கதைக்கு, அதைச் சொல்லத் தெரிந்த ஆளுக்கு. அந்த ஆள் பேசுவது காதில் விழவேண்டும், சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேட்க முடியவேண்டும். ஐம்பது பேர் பஸ்ஸில் அது நடக்காது.

பெரிய பஸ்ஸைக் குறை சொல்லவில்லை. ராயல் ஆல்பர்ட் டாக்கில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பாட்டில் வருகிற பென்னி லேன், ஸ்ட்ராபெரி ஃபீல்ட், பீட்டில்ஸ் நான்கு பேர் வளர்ந்த தெருக்கள் எல்லாம் சுற்றிக்காட்டி, அவர்கள் ஆரம்பத்தில் வாசித்த கேவர்ன் கிளப் பக்கம் கொண்டு வந்து விடுவார்கள். வழியெல்லாம் பாட்டு ஓடும், ஊர் எப்படி விரிந்து கிடக்கிறது என்று ஒரு பிடி கிடைக்கும், டிக்கெட்டும் கையைக் கடிக்காது. ஆனால் லெனன் வீட்டை ரோட்டில் நின்றுதான் பார்க்க முடியும். டாக்சி டூருக்குப் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை, வண்டிக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள். நீங்கள் இரண்டு பேர் மட்டும் போனால் அதிகம், மகள் மருமகன் பேரப்பிள்ளை எல்லாரும் சேர்ந்து ஏறினால் கட்டுப்படியாகும். டிரைவரே கதை சொல்வார், வலி எடுத்தால் நிறுத்தச் சொல்லலாம். ஆனால் அதிலும் வீட்டுக்குள் போக வழியில்லை. லெனன் வளர்ந்த வீடு, அவரோடு சேர்ந்து பாட்டு எழுதிய பால் மெக்கார்ட்னி வளர்ந்த வீடு இரண்டுக்குள்ளும் நுழைவதற்கு இருக்கிற வழி நேஷனல் டிரஸ்ட் டூர்தான். டாக்சிக்காரர் "வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன்" என்றால் வாசல் வரைக்கும் என்று அர்த்தம், இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, 'சின்னக் குழு' என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பவேண்டாம், அதிகபட்சம் எத்தனை பேர் என்று கேட்டு எண்ணிக்கையை வாங்குங்கள்.

உள்ளே போவதில் அப்படி என்ன இருக்கிறது என்று சார் கேட்கமாட்டார், நீங்கள் கேட்கலாம், அதனால் சொல்கிறேன். லெனன் பிறந்தது 1940 அக்டோபர் 9. அப்பா கப்பலில் வேலை பார்த்தவர், வீட்டில் இருந்த நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். அப்பா கப்பலிலும் வளைகுடாவிலும் இருக்க, தாய் வீட்டாரோடு வளர்ந்த பிள்ளைகளை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தியவர் நீங்கள், உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஐந்து வயதில் பையனை அம்மா ஜூலியாவின் அக்கா மிமி கூட்டிக்கொண்டு போய் வளர்த்தார். மென்லவ் அவென்யூ 251ஆம் எண் வீடு, மென்டிப்ஸ் என்று பெயர். இருபத்திரண்டு வயது வரை அவருக்கு அதுதான் வீடு. பெரியம்மா கண்டிப்பானவர், புத்தகமும் ஒழுங்கும் வேண்டும் என்பவர். பெரியப்பா ஜார்ஜ் செல்லம் கொடுத்தவர், 1955இல் திடீரென்று இறந்துபோனார். கொஞ்ச தூரத்திலேயே இன்னொரு வீட்டில் இருந்த அம்மாதான் பான்ஜோ வாசிக்கிற முறையில் விரல் வைத்துக் காட்டி அவருக்கு முதலில் நரம்புக் கருவி சொல்லிக்கொடுத்தவர். 1958 ஜூலை 15 அன்று அந்த அம்மா மிமியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது கார் மோதி இறந்துபோனார். மென்டிப்ஸ் வீட்டுக்கு எதிரே அதே ரோடுதான் இன்றும் ஓடுகிறது, வண்டிகள் வேகமாகவே போகும், நீங்களும் கடக்கும்போது கவனம்.

வீட்டுக்குள் எதைப் பார்க்காமல் விட்டாலும் முன்வாசல் போர்டிகோவை விடாதீர்கள். கண்ணாடி அடைத்த சின்ன இடம், இரண்டு பேர் கிட்டாரோடு நின்றால் நிறைந்துவிடும். சத்தம் போடாதீர்கள் என்று மிமி பையன்களை அங்கே அனுப்பிவிடுவாராம், தரையும் சுவரும் கண்ணாடியும் சேர்ந்து குரலை எதிரொலித்துக் கொடுத்ததால் அவர்களுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. சாரை அங்கே ஒரு நிமிடம் நிற்கவிட்டு மெதுவாக ஏதாவது ஒரு வரி முணுமுணுக்கச் சொல்லுங்கள், கேட்டால் விளங்கும். மேலே ஏறினால் அந்தப் போர்டிகோவுக்கு மேலேதான் அவருடைய அறை, ஒற்றைக் கட்டில் போட்டதும் இடம் தீர்ந்துபோன அறை. 2002இல் லெனனின் மனைவி யோகோ ஓனோ அந்த வீட்டை வாங்கி டிரஸ்டிடம் கொடுத்ததால்தான் நாம் உள்ளே போக முடிகிறது.

அடுத்து ஃபோர்த்லின் ரோடு 20ஆம் எண், பால் மெக்கார்ட்னியின் வீடு. மென்டிப்ஸ் நடுத்தர வர்க்கத்து வீடு, இது மாநகராட்சி கட்டிக் கொடுத்த வாடகை வீடு, ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால்தான் அந்த வித்தியாசம் உறைக்கும். பாலின் அம்மா மேரி, உங்கள் மகளைப் போல நர்ஸ், பிரசவம் பார்க்கிற மிட்வைஃப். 1956இல் புற்றுநோயால் இறந்துபோனார், அப்போது பாலுக்கு 14 வயது. தாயை இழந்த இரண்டு பையன்கள் அந்த முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டுக் கட்டினார்கள். பாலின் தம்பி மைக் அந்த நாட்களில் எடுத்த போட்டோக்கள் சுவரில் இருக்கின்றன, எந்த மூலையில் எடுத்தது என்று பார்த்து அங்கேயே நிற்கலாம். உங்கள் மகளுக்கு டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து அவளையும் கூட்டிப்போங்கள்.

இனி அந்தச் சபைக்காரர் கேட்டதற்கு வருகிறேன், இதைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1966 மார்ச்சில் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில், நாங்கள் இப்போது இயேசுவைவிடப் பிரபலம் என்று லெனன் சொன்னது உண்மை. அது அமெரிக்காவில் மறுபடி அச்சானபோது தென் மாநிலங்களில் இசைத்தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். ஆகஸ்டில் சிகாகோவில் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து விளக்கம் சொல்லி வருத்தமும் தெரிவித்தார். அதே மனிதர் சின்ன வயதில் வூல்டன் செயின்ட் பீட்டர்ஸ் ஆலயத்தில் ஓய்வுநாள் பள்ளிக்குப் போனவர், பாடகர் குழுவில் பாடியவர், திடப்படுத்தலும் (சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கிற சடங்கு) எடுத்தவர். 1957 ஜூலை 6 அன்று அந்த ஆலயத் திருவிழாவில்தான் அவருடைய குழு வாசித்தது, அன்று மாலை எதிரே இருக்கிற ஆலய மண்டபத்தில்தான் பாலை முதன்முதலில் சந்தித்தார். கல்லறைத் தோட்டத்தில் பெரியப்பா ஜார்ஜும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கோபத்தோடு கேட்டவருக்கு இந்த ஆலயத்தின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டுங்கள், பாடகர் குழுவிலிருந்து வந்த பையன் எங்கே போனான், ஏன் அப்படிப் பேசினான் என்று யோசிக்க அவருக்கும் விஷயம் இருக்கும். டூரில் இந்த ஆலயத்தில் நிறுத்துவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். நிறுத்தாவிட்டால் வேறொரு நாள் மகள் காரில் போய் வரலாம், ஊருக்குள்ளேயேதான் இருக்கிறது.

ஸ்ட்ராபெரி ஃபீல்ட் நம் மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய இடம் என்பேன். பாட்டில் வருகிற கற்பனைத் தோட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது இரட்சணிய சேனை 1936இல் தொடங்கிய பிள்ளைகள் இல்லம். ஆமாம், நம் வடசேரியில் கேதரின் பூத் ஆஸ்பத்திரி நடத்துகிற அதே இரட்சணிய சேனைதான். மென்டிப்ஸிலிருந்து நடக்கிற தூரம், லெனன் அந்தத் தோட்டத்தில் விளையாடுவார், கோடையில் நடக்கும் விழாவில் சேனையின் பேண்டு கேட்க மிமியோடு போவார். 2005இல் இல்லத்தை மூடினார்கள், 2019இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், கண்காட்சி, தோட்டம், காபி கடை எல்லாம் இருக்கிறது, கற்றலில் சிரமம் உள்ள இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சியும் அங்கே நடக்கிறது. ரோட்டோரம் இருக்கிற சிவப்பு கேட் நகல், பழைய அசல் கேட் உள்ளே தோட்டத்தில் இருக்கிறது. வெளியே நின்று செல்பி எடுத்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தெரியாமலே திரும்புகிறார்கள். இங்கே டூர் தேவையில்லை, நீங்களே போய் ஒரு காலை நேரம் முழுக்க உட்கார்ந்திருக்கலாம், மூட்டுவலிக்காரருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

மூட்டு விஷயம். இரண்டு வீட்டிலும் படுக்கையறைகள் மாடியில், ஏறுவது குறுகலான படி. சாரால் ஏற முடியாவிட்டால் கீழே இருந்து பார்த்தாலும் போதுமான அளவு இருக்கிறது. பதிவு செய்யும்போதே மெயிலில் மூட்டுவலி என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், வயதானவர்களை அவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். வீட்டுக்குள் போட்டோ எடுக்க அனுமதி இல்லை, பெரிய பையும் கூடாது, அதனால் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் வைக்கிற அளவுக்குச் சின்னப் பை போதும். இங்கிலீஷ் பற்றிப் பயப்படாதீர்கள். ஸ்கவுஸ் என்று சொல்கிற அந்த ஊர்ப் பேச்சு முதல் பத்து நிமிடம் ஓடுகிற மாதிரித்தான் இருக்கும், அப்புறம் காது பழகிவிடும். மினிபஸ்ஸில் முன் சீட்டில் உட்காருங்கள், இந்தியாவிலிருந்து வருகிறோம், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சின்னக் குழுவில் அது நடக்கும், நாம் கேட்டால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். போகிற வாரத்தில் பாட்டுகளை ஒரு தடவை கேட்டுக்கொண்டு போனால் பேச்சு பாதி புரியும். உங்களுக்கு இரண்டே போதும், பென்னி லேனும் ஸ்ட்ராபெரி ஃபீல்டும் வருகிற இரண்டு பாட்டு, 1967இல் ஒரே இசைத்தட்டின் இரண்டு பக்கமாக வந்தவை, ஒன்று பாலுடையது, ஒன்று ஜானுடையது.

மே மாதம் நல்ல தேர்வு, இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆனால் ஆற்றங்கரையில் காற்று முட்டம் பாறையில் நிற்கிற மாதிரி அடிக்கும், குடை மடங்கிவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் பீட்டில்ஸ் வாரம் என்று உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருவார்கள், குளிர்காலத்தில் அந்த வீடுகளை மூடிவிடுவார்கள், இரண்டும் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை. கேவர்ன் கிளப்புக்குச் சார் ஆசைப்பட்டால் பகலில் போங்கள். பழைய கிளப்பை 1973இல் மூடி, 1984இல் அதே இடத்தில் ஒரு பகுதியில் பழைய செங்கல்லும் சேர்த்து மறுபடி கட்டியது இது, பூமிக்கடியில் இருக்கிறது, படி இறங்கவேண்டும், கூட்டமும் சத்தமும் அதிகம். பீட்டில்ஸின் மற்ற இருவரான ஜார்ஜ், ரிங்கோ வளர்ந்த சின்ன வீடுகள் தனியாருடையவை, ஜன்னலில் எட்டிப்பார்க்கவேண்டாம்.

விசா கையில் வந்ததும் டூர் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள், இருக்கை கொஞ்சம்தான், போன அன்று வாசலில் நின்று வாங்க முடியாது. திருவனந்தபுரத்தில் ஏறி வளைகுடாவில் மாறி மான்செஸ்டரில் இறங்குவதுதான் உங்களுக்கு லண்டனைவிடச் சுலபம். இறங்கின மறுநாளே டூர் வைக்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் எதுவும் மனதில் நிற்காது, நான்கைந்து நாள் தள்ளி வையுங்கள். மினிபஸ் ஏறுகிற இடம் ஊர் நடுவிலா, தெற்கே ஸ்பீக் பக்கமா என்பதை டிக்கெட்டில் பார்த்து முந்தின நாளே மகளிடம் வழி கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் குறித்த நேரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.