கணினிக்குள் பரிணாமம் நிகழுமா?

கேள்வி: உயிர்களின் பரிணாமத்தைக் கணினியில் உள்ளபடியே காட்ட முடியுமா? நிரல் எழுதுபவரே விடையையும் அதற்குள் வைத்துவிடுகிறார் என்கிறார் என் நண்பர்.
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: உங்கள் நண்பரின் ஐயம் நியாயமானதே, ஆனால் முழுவதும் சரியன்று. 1990களின் தொடக்கத்தில் சூழலியலாளர் தாமஸ் ரே உருவாக்கிய ‘டியெரா’ என்னும் கணினி உலகில், தன்னைத்தானே படியெடுக்கும் 80 கட்டளைகள் கொண்ட ஒரே நிரலைத்தான் அவர் விதைத்தார், அது பெருகும்போது நேர்ந்த பிழைகளிலிருந்து, படியெடுக்கும் பகுதியை இழந்து, அண்டை நிரலின் பகுதியைக் கொண்டே பெருகிய 45 கட்டளை ஒட்டுண்ணிகள், எவரும் எழுதாமலேயே தோன்றின. ஆகவே மாறுதலும் தேர்வும் அங்கே மெய்யாகவே நிகழ்கின்றன என்பது என் உறுதியான கருத்து. இல்லாதவை உடலும் சூழலுந்தான். பினாங்கின் கொடிமலைக்குச் செல்லும்போது, பூச்சியுண்ணும் ஒரு கெண்டிச்செடியின் குடுவைக்குள் குனிந்து பாருங்கள்: வழுக்கும் விளிம்பு, மூழ்கிய எறும்பு, அதே நீரில் நெளியும் கொசுப்புழுக்கள். புரத மூலக்கூறு மடிந்து உருப்பெறுவதிலிருந்து மழைவரை அக்குடுவையை வடித்த அத்தனையையும் எந்தக் கணினி மாதிரியும் இன்னும் அடக்கவில்லை.