அரசரின் தபாலும் துணி வியாபாரியும்

அன்புள்ள ஐயா,

போலந்து மன்னர் ஸ்டெஃபான் பாத்தோரி பற்றிய உங்கள் கட்டுரையில், அவருடைய தபாலை செபஸ்தியானோ மொன்தெலூப்பி என்ற இத்தாலிய வியாபாரி நடத்தினார் என்று ஒரு வரி வருகிறது. ராஜாங்கக் கடிதங்களை வெளியூர் வியாபாரியை நம்பியா கொடுப்பார்கள்? காசு கொடுத்து வாங்கிய பதவியோ? நான் ஜவுளி வியாபாரி, அதனால் சந்தேகம் கொஞ்சம் அதிகம்.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

சந்தேகம் நியாயமானது. ஆனால் வியாபாரியை விட்டால் அரசருக்கு வேறு யார் இருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இந்தத் தபாலின் பின்னால் ஒரு சொத்து விவகாரம் இருக்கிறது. பாத்தோரிக்கு முன் போலந்தை ஆண்ட மன்னர் இரண்டாம் சிக்மண்ட் அகஸ்டின் தாய் போனா ஸ்ஃபோர்ஸா, 1557இல் இத்தாலியின் பாரி நகரில் இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று அப்போதே பேச்சு. அவருக்கு அங்கே நிலபுலன்கள் இருந்தன. ஸ்பெயின் மன்னருக்கு அவர் கொடுத்த 4,30,000 டுகாட் (தங்கக் காசு) கடனும் நிலுவையில் நின்றது. போலந்தின் அன்றைய தலைநகர் கிராகோவில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் கேட்டு வாங்க, இத்தாலியோடு ஒழுங்கான கடிதப் போக்குவரத்து வேண்டும். 1558 அக்டோபரில் கிராகோவிலிருந்து வியன்னா வழியாக வெனிஸுக்குத் தபால் ஏற்பாடானது. முதலில் நடத்திய ப்ரொவானாவும் இத்தாலிய வியாபாரிதான். 1562இல் ஐரோப்பாவின் பெரிய தபால் குடும்பமான டாக்ஸிஸிடம் போனது, நிலைக்கவில்லை. பிறகு மஃபோன் என்ற இன்னொரு இத்தாலியர். 1568இல் ஃபிளாரன்ஸ்காரரான மொன்தெலூப்பி.

ஏன் திரும்பத் திரும்ப இத்தாலியர்கள்? வழியெல்லாம் மாற்றுக் குதிரை நிற்க வேண்டும். தீவனச் செலவு, ஆள் கூலி எல்லாம் அந்தந்த ஊரில், அந்தந்த ஊர்க் காசில், அன்றன்றே தர வேண்டும். அரண்மனைப் பணமோ சாவகாசமாக வரும். போலந்துப் பிரபு ஒருவரை நியமித்தால் வெனிஸில் அவருக்கு யார் கடன் தருவார்கள்? மொன்தெலூப்பி துணி வியாபாரி, வட்டிக்கும் கொடுப்பவர். அவர் எழுதிய சீட்டுக்கு வெளியூரில் பணம் கிடைக்கும். தபால் ஓடியது குதிரையால் பாதி, அவருடைய பெயரால் பாதி.

அவருக்கு என்ன லாபம் என்பது உங்களுக்கே தெரியும். வெனிஸில் பட்டு என்ன விலை, துருக்கியோடு சண்டையா சமாதானமா என்பது போட்டியாளருக்கு இரண்டு நாள் முன்னால் தெரிந்தால் போதாதா? அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்க வேண்டியதே இல்லை, தன் கடைக் கடிதத்தை அதே பையில் போட்டாலே போதும். சம்பளத்தைவிட இதுதான் பெரிது என்பது என் கணிப்பு.

1572இல் சிக்மண்ட் வாரிசில்லாமல் இறந்ததும் தபால் தடுமாறியது. பாத்தோரி வந்த பிறகு, ரஷ்யாவோடு போர் நடந்ததால் மறுபடி அவசியமானது. 1583இல் அவர் மொன்தெலூப்பியை வைத்தே அதைச் சீரமைத்தார். அப்போது வந்த ஒரு விதியை நான் மிகவும் ரசிக்கிறேன். நாட்டுக்குள் எவ்வளவு தூரம் போனாலும், ஒரு லூட் எடை (சுமார் 12 கிராம்) உள்ள கடிதத்துக்கு 4 குரோஷ் (போலந்துக் காசு) தான். தூரத்தைப் பார்க்காத ஒரே கட்டணம் இங்கிலாந்துக்கு வந்தது 1840இல்! ஆனால் இதைத் தர்ம காரியமாக நினைத்துவிட வேண்டாம். பொதுமக்கள் கடிதம் சேர்ந்தால் அரசருக்குச் செலவு குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் காசு விஷயம். காசு கைமாறியது உண்மைதான், ஆனால் அது வெளிப்படையான கடன். வாங்கியது மன்னர் தரப்பு. கடன் கொடுத்தவரிடமே தபாலையும் கொடுத்து வைப்பது உங்கள் வியாபாரக் கண்ணுக்கு ஆபத்தாகப் படலாம், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அன்றைய ஐரோப்பிய அரசர்களில் கடன் கொடுப்பவர் தயவில்லாமல் வண்டி ஓட்டியவர்கள் குறைவு.

1600இல், எண்பது தாண்டிய வயதில் அவர் இறந்தார். தபால் அவருடைய உறவினர் வலேரியோவிடம் போனது. கிராகோ பெரிய சந்தைச் சதுக்கத்தில் அவர்களுடைய ஏழாம் எண் வீடு இன்னும் இருக்கிறது. இன்று அந்த ஊரில் மொன்தெலூப்பி என்றால் முதலில் நினைவுக்கு வருவது, இந்தக் குடும்பப் பெயர் கொண்ட தெருவில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாபோ நடத்திய சிறைதான்.